விற்கும் பொருளைப் படமெடுக்க ஒரு வேட்டியும் டியூப்லைட்டும்

வீட்டிலிருந்தபடியே பொருள் விற்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, எந்த லைட் வாங்கலாம் என்பதுதான். செக்கு எண்ணெய், மசாலாப் பொடி, கைவேலை நகை, சுடுமண் பொம்மை, பித்தளைச் சாமான் என்று விற்பது எதுவானாலும், படம் எடுபடாததற்கு நல்ல விளக்கு இல்லாததே காரணம் என்ற முடிவுக்கு அவர்கள் ஏற்கெனவே வந்திருப்பார்கள். வீட்டில் எரியும் எல்இடி பல்பே போதும், வாங்குவதைவிடச் செய்துகொள்ள வேண்டியதுதான் அதிகம் என்று நான் சொன்னால், அதைச் சிக்கனத்துக்கான யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கனமும் அதில் இருக்கிறது. ஆனால் நான் அதைச் சொல்வதற்கு ஒளியின் இயல்புதான் காரணம். பொருளைப் பார்த்து ஒளிரும் பரப்பு எவ்வளவு பெரியது, எவ்வளவு அருகில் நிற்கிறது, எந்தப் பக்கம் நிற்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் மேசைமேல் எடுக்கும் படத்தைத் தீர்மானிக்கின்றன. அந்தப் பரப்பைக் கடையில் வாங்கினால் அதற்கு சாஃப்ட்பாக்ஸ் என்று பெயர். வீட்டில் செய்தால் அது நாலு துண்டு பிவிசி குழாயும் ஒரு பழைய வேட்டியும்.

ஸ்டுடியோ ஃபிளாஷுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அதன் சக்திக்கான விலை. மனிதர்களைப் படமெடுக்கும்போது அந்தச் சக்தி தேவை, ஏனென்றால் மனிதர்கள் அசைவார்கள். எண்ணெய்ப் புட்டி அசைவதில்லை. கேமராவையோ கைப்பேசியையோ முக்காலியில் பொருத்தி, கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 100இல் நிறுத்தி, ஷட்டரைக் கால் நொடிக்கோ அரை நொடிக்கோ திறந்து வைத்தால், 9 வாட் பல்பு தரும் ஏறத்தாழ 800 லூமன் வெளிச்சமே தாராளம்; அதில் பாதியைத் துணி விழுங்கிவிட்டாலும் மீதி போதும். விரல் பட்டுக் கைப்பேசி ஆடாமலிருக்க இரண்டு நொடி டைமரை வைத்துவிட வேண்டும். வெளிச்சத்தின் அளவு பற்றிய கவலை இத்துடன் தீர்ந்தது. இனி அதன் தன்மையைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும்.

சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் அது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நம் பார்வைக்கு அரை டிகிரி அகலமே இருக்கிறது. அதனால்தான் வெயிலில் விழும் நிழலின் ஓரம் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. மேகம் மூடியதும் வானம் முழுவதுமே ஒளிரும் பரப்பாகிவிட, நிழலின் ஓரம் கரைந்துபோகிறது. மேசையிலும் நடப்பது இதுவே. ஒரு மீட்டர் தள்ளி எரியும் வெறும் பல்பு, பொருளின் இடத்திலிருந்து பார்த்தால் மூன்று டிகிரி சொச்சம்தான் இருக்கும். அதே பல்பின் முன்னால் இரண்டடிக்கு மூன்றடித் துணித் திரையை நிறுத்தி, திரையைப் பொருளுக்கு ஒன்றரை அடி தூரத்துக்குக் கொண்டுவந்தால், ஒளிரும் பரப்பு 60 டிகிரிக்கும் மேல் விரிந்துவிடுகிறது. பல்பு மாறவில்லை, மின்கட்டணமும் ஏறவில்லை. நிழல் மட்டும் வேறாகிவிட்டது.

துணியை வைத்து வெளிச்சம் செய்வதைக் கைக்கு எட்டியதை வைத்து ஒப்பேற்றும் வேலை என்று யாரும் குறைத்து எண்ண வேண்டியதில்லை. 1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்காகக் காசி வீடு ஒன்றின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் அரங்கமாக அமைத்தார்கள். திறந்த முற்றத்துக்குள் மேலிருந்து இறங்கும் நிழலற்ற பகல் வெளிச்சத்தை நேரடி ஸ்டுடியோ விளக்குகளால் கொண்டுவர முடியாது என்று கண்ட ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, அரங்கத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மீது அடித்து, துணியிலிருந்து திரும்பிவரும் ஒளியில் படம்பிடித்தார். பார்த்தவர்கள் அதை இயற்கை வெளிச்சம் என்றே நம்பினார்கள். உலக சினிமாவின் ஒளியமைப்பில் முன்னோடி வேலைகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படும் அந்தக் காரியத்தின் மையத்தில் இருந்தது வெள்ளைத் துணிதான் என்பதை நினைக்கும்போதெல்லாம், நம் மேசைக்கு அது தாராளமாகப் போதும் என்ற தைரியம் எனக்கு வருகிறது.

சட்டம் செய்வது எளிது. அரை அங்குல பிவிசி குழாயை இரண்டு மூன்றடித் துண்டுகளாகவும் இரண்டு இரண்டடித் துண்டுகளாகவும் அறுத்து, மூலைகளில் எல்போ (வளைவு இணைப்பு) மாட்டினால் செவ்வகம் வந்துவிடும். கீழ்ப்பக்கத்தில் இரண்டு டீ (மும்முனை இணைப்பு) சேர்த்துக் குறுக்கே சிறு துண்டுகளைச் செருகினால் கால்கள். பசை போடக் கூடாது, வேலை முடிந்ததும் கழற்றிக் கட்டிவைக்க வேண்டும். துணியைச் சட்டத்தைவிட நாலு விரற்கடை பெரிதாக வெட்டி, துணிக் கிளிப்புகளால் நாலு பக்கமும் இழுத்துப் பிடித்தால் திரை தயார்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். மெல்லிய வெள்ளை மல் துணி நல்லது. வேட்டி என்றால் கரை இல்லாத பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளுக்காத கோரா துணி ஒளியை மஞ்சளாக்கும். நீலம் போட்டுத் துவைத்துப் பழகிய வேட்டி ஒளியில் லேசான நீலத்தைக் கூட்டும். கண் அதைக் கவனிக்காது, கேமரா கவனித்துவிடும். ஒரே துணியை எப்போதும் பயன்படுத்தினால், வெள்ளைத்தாளை வைத்து ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் கேமரா அமைப்பை) சரிசெய்யும்போது இந்தச் சாயலும் சேர்ந்தே நீங்கிவிடும். பாதிப் படத்தில் துணியை மாற்றினால்தான் தொல்லை. பளபளக்கும் உலோகத்துக்கு மட்டும் துணி வேண்டாம். துணியின் நெசவும் சுருக்கமும் உலோகத்தில் அப்படியே தெரியும். அதற்கு டிரேசிங் பேப்பர்தான் சரி. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளுக்குப் போனால் ஒட்டுப்போடத் தேவையில்லாத அகலத்தில் சுருளாகவே வாங்கலாம். சமையலறை பட்டர் பேப்பர் அவசரத்துக்கு உதவும், ஆனால் அகலம் போதாது, நிறமும் சற்று மஞ்சள்.

திரைக்கும் பல்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் விடுவது என்பதற்கு அளவுநாடா தேவையில்லை. பொருளை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் கைப்பேசியை வைத்துத் திரையைப் பார்க்க வேண்டும். பல்பு மிக அருகில் இருந்தால் திரையின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் பளீரென்று எரிந்து, ஓரங்கள் இருண்டு கிடக்கும். அப்போது நாம் பாடுபட்டுச் செய்த மூன்றடித் திரை, வெறும் அரையடித் திரையாகவே வேலை செய்கிறது. பல்பைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போனால் வட்டம் விரிந்து திரை முழுவதும் சீராக நிறையும் இடம் ஒன்று வரும். பொருளின் இடத்திலிருந்து விளக்கைப் பார்க்கும் இந்தப் பழக்கம், ஒளியமைப்பில் நான் மிக உயர்வாக மதிக்கும் பழக்கம். கேமரா இருக்கும் இடத்திலிருந்து பார்த்துப் புரியாதது பலவும் பொருளின் இடத்திலிருந்து பார்த்தால் உடனே புரிந்துவிடும்.

திரைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மாக்கோல் அட்டை. கோடம்பாக்கத்தில் படப்பிடிப்பைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. முகத்தின் இருண்ட பக்கத்துக்கு ஒளியைத் திருப்பிவிட லைட்மேன்கள் தெர்மாக்கோலைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். ஒளியை வெட்ட அவர்கள் வைக்கும் ‘கட்டர்’ என்ற கறுப்பு மறைப்புக்குப் பதிலாக, நம் மேசையில் கறுப்பு சார்ட் பேப்பர். இந்தக் கறுப்பு அட்டையை வீட்டில் படமெடுப்பவர்கள் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெளிச்சத்தைச் சேர்ப்பதிலேயே குறியாக இருப்பவர்களுக்கு, அதைக் கழிப்பதும் ஒளியமைப்புதான் என்று தோன்றுவதில்லை.

பல்பை வாங்கும்போது வாட்டைவிட நிறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல ஒளியைத் தரும் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தின் ஒரு பகுதியை மாற்றித் தர, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. (இந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காகவே அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.) இப்படிப் பிறக்கும் வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. பல்புகள் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றன என்பதற்கு சிஆர்ஐ என்று 100க்கு மதிப்பெண் தருகிறார்கள். சாதாரண வீட்டு எல்இடிக்கு அது 80 அளவில் இருக்கும். கேட்க நல்ல மதிப்பெண்தான். ஆனால் அது எட்டு வெளிர்நிறங்களின் சராசரி. ஆர்9 எனப்படும் அடர்சிவப்பு அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. அந்த ஒன்றில் 80 வாங்கிய பல்பு பூஜ்யத்தை ஒட்டி நிற்பது சாதாரணம். விளைவு, மிளகாய்ப்பொடி பழுப்பாகிறது, குங்குமம் மங்குகிறது, மாதுளை உயிரிழக்கிறது. அப்படி இழந்த சிவப்பை எடிட்டிங்கில் கூட்டினால் மஞ்சளும் சேர்ந்து கெடும். மசாலா விற்பவர்கள் செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் இது: பெட்டியில் சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்ட பல்பைத் தேடி வாங்குங்கள். மண்பாண்டமோ பனையோலைப் பெட்டியோ விற்பவர்களுக்குச் சாதாரண பல்பே போதும்.

மற்ற இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெண்ணீல வெளிச்சம் தரும் 6500 கெல்வின் பல்பையும் மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் பல்பையும் ஒரே படத்தில் கலக்கக் கூடாது. அறை விளக்கை அணைத்து, ஜன்னலையும் சாத்திவிட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான பல்புகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழும். ஷட்டரை 1/50 நொடிக்கோ அதைவிட நீண்ட நேரத்துக்கோ வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இனி குத்துவிளக்கு. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் வார்த்துக் கடையும் பித்தளைக் குத்துவிளக்கு, புவிசார் குறியீடு பெற்றது. உச்சியில் அன்னம், அதன் கீழே ஐந்து முகத் தட்டு, பிறகு வளையம் வளையமாகக் கடைசல் பிடித்த தண்டு, அகன்ற அடிப்பாகம். இதைப் படமெடுப்பதைவிடக் கடினமான வேலையை நான் மேசையில் பார்த்ததில்லை, இதைவிட மகிழ்ச்சி தருவதையும் பார்த்ததில்லை. பித்தளையை நாம் படமெடுப்பதே இல்லை என்று சொன்னால் மிகையாகாது. பித்தளையில் தெரியும் அறையைத்தான் படமெடுக்கிறோம். தட்டையான கண்ணாடி அறையின் ஒரு துண்டைத்தான் காட்டும். கடைசல் வளையமோ வெளிப்பக்கம் வளைந்திருப்பதால் அறை முழுவதையும் சுருக்கித் தனக்குள் காட்டுகிறது. தண்டில் எத்தனை வளையங்கள் உண்டோ அத்தனை முறையும் மின்விசிறி தெரியும், ஜன்னல் தெரியும், கைப்பேசியைப் பிடித்த கை தெரியும்.

ஆகவே அறையை மாற்றுவதுதான் வழி. குத்துவிளக்கு நெட்டையானது என்பதால் ஒளிரும் பரப்பும் நெட்டையாக இருக்க வேண்டும். நாலடி நீள 20 வாட் எல்இடி டியூப்லைட்டை இடப்பக்கம் செங்குத்தாக நிறுத்தி, அதன் முன்னால் ஒன்றரையடி தள்ளி டிரேசிங் பேப்பர்த் திரையை நெட்டுவாக்கில் வைத்தால், தண்டின் இடப்பக்கத்தில் அடிமுதல் முடிவரை தொடர்ந்து ஓடும் வெள்ளைக் கோடு ஒன்று பிறக்கிறது. ஒவ்வொரு வளையத்திலும் அது அகன்றும் குறுகியும் அந்தக் கடைசலின் வடிவத்தைச் சொல்கிறது. வலப்பக்கத்தில் தெர்மாக்கோல் தரும் மங்கலான இரண்டாம் கோடு. இத்தோடு நிறுத்தினால் படம் இன்னும் முழுமையாகாது. ஓரங்கள் பின்னணியின் வெளிச்சத்தில் கரைந்துபோயிருக்கும். குத்துவிளக்கின் பின்னால் இருபுறமும், கேமராவின் பார்வைக்கு வெளியே, மூன்று விரல் அகலக் கறுப்பு சார்ட் பட்டைகளை நிற்கவைத்தால், தண்டின் இரு விளிம்புகளிலும் மெல்லிய இருட்டுக்கோடு இறங்கி வடிவம் எழுந்து நிற்கும். உலோகம் உலோகமாகத் தெரிவது வெள்ளையும் கறுப்பும் அருகருகே விழும்போதுதான். நாலு பக்கமும் வெள்ளைத்துணி கட்டிய கூடாரத்துக்குள் பித்தளையை வைத்தால் பிரதிபலிப்புகள் ஒழியும், கூடவே பித்தளைத்தன்மையும் ஒழிந்து மஞ்சள் பிளாஸ்டிக் பொருள் மிஞ்சும்.

படத்துக்கு முன்னால் புளியால் துலக்கி, ஈரமில்லாமல் துடைத்து, அதன்பிறகு வெறுங்கையால் தொடாமல் துணியால் பிடித்தே நகர்த்த வேண்டும். பக்கவாட்டு ஒளியில் விரல்ரேகை ஒவ்வொன்றும் தெரியும். திரியை ஏற்றி எடுப்பதானால் 6500 கெல்வின் டியூப்லைட் உதவாது. எண்ணெய்ச் சுடரின் நிறவெப்பநிலை 1900 கெல்வின் அளவில் இருப்பதால், வெண்ணீல வெளிச்சத்தின் அருகில் சுடர் அந்நியமாக நிற்கும். 3000 கெல்வின் டியூப்லைட்டை மாட்டி, சுடருக்கு ஏற்ற குறைந்த எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவில்) ஒரு படமும் பித்தளைக்கு ஏற்ற ஒரு படமும் எடுத்து இணைத்துவிடலாம்.

பித்தளைக்கு நேர்மாறான சிக்கல் கண்ணாடிப் புட்டியில் வருகிறது. மரச்செக்கு எண்ணெய் விற்கும் என் அக்கா, தான் எடுத்த படத்தைக் காட்டி, “நம்ம நல்லெண்ணெய் இவ்வளவு கறுப்பாவா இருக்கு, தம்பி?” என்று கேட்டாள். எண்ணெயில் குறை ஏதுமில்லை. முன்னாலிருந்து அடிக்கும் ஒளி எண்ணெய்க்குள் புகுந்து பின்பக்கமாகப் போய்விடுகிறது. கேமராவுக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான். தெளிந்த திரவத்தில் கேமரா காண்பது பின்னால் இருப்பதை. பின்னால் இருட்டுச் சுவர் இருந்தால் எண்ணெயும் இருட்டுத்தான். ஆகவே திரையை நேர் பின்னால் கொண்டுபோய், பல்பை அதற்கும் பின்னால் எரியவிட்டால், அதே எண்ணெய் பொன்னிறமாகத் திறந்துகொள்ளும். திரையின் வெளிச்சம் படச்சட்டத்தை மட்டும் நிரப்பி, அதற்கு வெளியே இருபுறமும் கறுப்பு அட்டை இருக்குமாறு செய்தால், புட்டியின் கண்ணாடி விளிம்புகள் அந்தக் கறுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லிய இருண்ட கோடுகளாகத் தெளியும்.

பின்னொளியில் லேபிள் இருண்டுபோகும், விற்பவருக்கோ லேபிள் முக்கியம். முன்பக்கம் கேமராவின் இருபுறமும் தெர்மாக்கோல் அட்டைகளைச் சாய்த்து வைத்தால், பின்னால் இருந்து வரும் வெளிச்சமே திரும்பி லேபிளில் விழுந்துவிடும். இன்னொரு பல்பு தேவைப்படாது. மரப்பலகைப் பின்னணியோ கறுப்புப் பின்னணியோ வேண்டும், எண்ணெயும் ஒளிர வேண்டும் என்றால் பழைய விளம்பரப் படக்காரர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. புட்டியின் வடிவத்திலேயே, ஆனால் அதைவிடச் சற்றுச் சிறிதாக, வெள்ளை அட்டையையோ அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையையோ வெட்டி, புட்டிக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாதபடி சாய்த்து நிற்கவைப்பார்கள். பக்கவாட்டு ஒளி அந்த அட்டையில் பட்டு எண்ணெய் வழியாக முன்னால் வரும். அட்டையின் சாய்வை இம்மி இம்மியாக மாற்றும்போது, ஒரு கோணத்தில் எண்ணெய் முழுவதும் திடீரென்று ஒளியேறுவதைப் பார்க்க வேண்டும். அக்காவின் தேன் புட்டிகளையும் இப்போது இப்படித்தான் எடுக்கிறோம்.

அட்டைப்பெட்டியின் மூன்று பக்கங்களை வெட்டி, டிரேசிங் பேப்பர் ஒட்டி, இரு பக்கமும் பல்பு வைக்கும் லைட் பாக்ஸைப் பற்றியும் கேட்கிறார்கள். சோப்பு, பொம்மை, காகிதப் பொட்டலம் போன்ற மினுமினுப்பில்லாத சிறு பொருள்களை வரிசையாக எடுத்துத்தள்ள அது வசதிதான். ஆனால் எல்லாப் பக்கமும் ஒளி சமமாக இருப்பதால் பொருளின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். மாமல்லபுரத்துக் கற்சிற்பமும் கைத்தறித் துண்டும் அதற்குள் போனால் உளித்தடமும் நூலிழையும் காணாமல் போகும். அவற்றுக்கு ஒரே பக்கத்திலிருந்து, ஏறக்குறைய பொருளை உரசிச் செல்லும் தாழ்ந்த ஒளிதான் வேண்டும். இரண்டு விளக்கோடு தொடங்குவதைவிட ஒரே விளக்கோடு தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து; ஒரு விளக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பழகியவருக்குத்தான் இரண்டாவது விளக்கால் பயன்.

ஜன்னல் வெளிச்சம் இலவசம், நன்றாகவும் இருக்கும். ஆனால் நேர்வெயில் விழாது என்பதால் வடக்கு ஜன்னலருகே படமெடுங்கள் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் ‘வடக்கு ஜன்னல்’ யோசனையை நம் ஊரில் அப்படியே ஏற்க முடியாது. கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் நண்பகல் சூரியன் வடபக்கம் வருவதே இல்லை. சென்னைக்கோ ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்டு 18ஐ ஒட்டி ஒருமுறையும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் அது நமக்கு வடக்கேதான் நிற்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழ வாய்ப்புண்டு. அந்த மாதங்களில் அதே வேட்டித் திரையை ஜன்னலில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

வெள்ளைப் பின்னணி சாம்பல் நிறமாக வருகிறது என்பது எல்லோருக்கும் உள்ள குறை. தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டே கேமரா எக்ஸ்போஷரைக் கணக்கிடுகிறது. அதனால் வெள்ளையைச் சாம்பலுக்கு இறக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) கூட்டினால் சரியாகும். அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி 255, 255, 255 என்ற தூய வெள்ளையாகவும், பொருள் படத்தில் 85 சதவீதத்தை நிறைத்தும் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பொருளைப் பின்னணியிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, பின்னணிக்குத் தனியாக ஒரு பல்பைக் கொடுத்துவிட வேண்டும். பொருளின் எக்ஸ்போஷரைக் கூட்டியே பின்னணியை வெளுக்க முயன்றால் பொருளும் சேர்ந்து வெளுக்கும்.

கல்யாண வீடியோவுக்குப் பயன்பட்ட பழைய ஹாலோஜன் விளக்கு வீட்டில் கிடந்தால் அதைத் துணிக்கும் காகிதத்துக்கும் அருகில் கொண்டுவரவே கூடாது. தெர்மாக்கோல் 100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். ஹாலோஜன் குழாயின் சூடு அதைவிடப் பல மடங்கு. எல்இடிக்கு அந்த ஆபத்து இல்லையென்றாலும் அதன் அடிப்பாகம் சூடாகும், காற்றுப் புகாத டப்பாவுக்குள் அடைத்தால் சீக்கிரம் பழுதாகும். ஹோல்டரில் வயர் வெளியே தெரியாமல் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து முடுக்கிக்கொள்வது நல்லது.

என் மேசையில் இருக்கும் குழாய், துணி, காகிதம், தெர்மாக்கோல், பல்பு, டியூப்லைட் எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டன. அதற்குமேல் செலவழிக்க மனமிருப்பவர்கள் முதலில் ஆடாத முக்காலியை வாங்கட்டும், அடுத்து சிஆர்ஐ 90க்கு மேற்பட்ட பல்பை வாங்கட்டும். ரிங் லைட்டை மட்டும் பொருள் படத்துக்கென்று வாங்க வேண்டாம். அது முகத்துக்காகச் செய்யப்பட்டது. குத்துவிளக்கின் முன்னால் வைத்தால் ஒவ்வொரு கடைசலிலும் ஒரு வெள்ளை வளையம் தெரியும், அவற்றை ஒவ்வொன்றாக எடிட்டிங்கில் அழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.